ஏழு வாக்கியப் பந்தயம்

நாற்பது நிமிடம் பேசக்கூடாது. விளையாட்டைச் செய்தவன் அறையில் இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது, ஆட வந்தவர்கள் எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் அவன் சுவரைப்போல உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த விதியை இந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவன் நான். மூன்று வருடங்களுக்கு முன்னால், இருபத்தைந்து வயசுப் புரோகிராமர்கள் ஆட வந்தவர்களின் தோளுக்கு மேல் தொங்கிக்கொண்டு அங்கே அமுக்குங்க, இங்கே இழுங்க என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவதைப் பார்த்து எரிச்சலில் கொண்டுவந்தேன். இன்றைக்கு என் நாக்குதான் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதினொன்று ஐந்து. ஏசி காற்றில் யாரோ தின்ற முட்டை பப்ஸின் வாசனை. எதிரே ஆறு மேசை, ஆறு திரை, ஆறு முகம். கோயம்புத்தூரின் பொதுமக்கள் என்று ஓர் ஏஜென்சி பிடித்துவந்த மாதிரிகள்: செல்போன் கடைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஒருவர், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் பெண், தென்னந்தோப்புக்காரர், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவன் ஒருவன், கடைசி மேசையில் பத்திரம் எழுதும் அம்மாள் ஒருத்தி. தகுதி ஒன்றே ஒன்று, யாரும் ஒரு வரி புரோகிராம்கூட எழுதியிருக்கக்கூடாது. அந்தத் தகுதி இவர்கள் முகத்திலேயே தெரிகிறது என்று நினைத்தேன், நினைத்த உடனே வெட்கப்பட்டேன், வெட்கம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஆறில் நான்கு பேர் யாரையும் கேட்காமல் தங்கள் உத்தியை எழுதிப் பூட்டிவிட்டால் என் வடிவம் திங்கட்கிழமை வெளியே போகும். இல்லாவிட்டால் நவநீத்தின் வடிவம். அவன் கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருக்கிறான், முப்பத்தொரு வயசு, முதலாளி, வெள்ளை ஷூ, எதைச் சொன்னாலும் சிரிப்பான், சிரிப்பில் ஒரு கெடுதலும் இருக்காது, அதுதான் என்னைப் பைத்தியமாக்குகிறது. அவனுடைய யோசனை எளிது. ஆடுபவர்கள் எதையும் எழுத வேண்டாம். நாமே பொட்டலம் பொட்டலமாக உத்திகளைச் செய்து விற்போம், ஒன்றை வாங்கிப் பொத்தானை அமுக்கினால் வண்டி ஓடும். ரெடிமேட் சார், ஜனங்க படிக்க மாட்டாங்க, யோசிக்க மாட்டாங்க, ஜெயிக்கணும், அவ்வளவுதான் என்பான். நான் ஆறு மாதமாக எதிர்த்துக்கொண்டிருக்கிறேன். மக்களை நம்பு என்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், மேசையைத் தட்டிச் சொல்கிறேன், சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கும். ரெடிமேட் வென்றால் இங்கே எனக்கு என்ன வேலை? ஐம்பத்து நான்கு வயசில், விதி எழுதுவதைத் தவிர ஒன்றும் தெரியாதவனை யார் வைத்துக்கொள்வார்கள். தையற்காரனை வைத்துக்கொண்டா ரெடிமேட் கடை நடத்துவார்கள். பதினொன்று எட்டு.

விளையாட்டு இதுதான். ஒரு மலைப்பாதை, பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஆறு வண்டி. வண்டியை யாரும் ஓட்டுவதில்லை. பந்தயத்துக்கு முன்பே ஏழு வாக்கியங்களில் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். முன்னால் போகும் வண்டி பிரேக் பிடித்தால் வெளிப்பக்கமாக முந்து. எரிபொருள் கால்வாசிக்குக் கீழே போனால் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விடு. இப்படி. வாக்கியத் துண்டுகள் திரையின் ஓரத்தில் கிடக்கும், எடுத்துக் கோத்துக்கொள்ளலாம், பூட்டு என்ற பொத்தானை அமுக்கியதும் அது பிளாக்செயினில் ஏறிவிடும், நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் பதிந்துவிடும், அதன் பிறகு எழுதியவன் மாற்ற முடியாது, நான் மாற்ற முடியாது, நவநீத்தின் அப்பா வந்தாலும் மாற்ற முடியாது. பிளாக்செயின் என்ற சொல்லைத் திரையில் எங்கும் வர விடவில்லை நான். அதற்கே இரண்டு வாரம் சண்டை போட்டேன். கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் பொதுப் பதிவேடு என்று மட்டும் போட்டிருக்கிறேன், பணம் போட்டவர்களுக்காக, அலங்காரத்துக்கு. மற்றபடி என் எண்பது பக்க ஆவணத்தின் பெருமையே அதுதான், புரோகிராம் தெரியாதவர்களுக்காக ஒரு புரோகிராம், அவர்கள் எழுதுவது புரோகிராம் என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாது என்பதில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம். தமயந்தி ஒருமுறை சொன்னாள், தோசையைத் திருப்பிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "உங்களுக்கு மனுஷங்களைப் புடிக்காது. அவங்களுக்கு ஏதாவது செஞ்சு குடுக்கத்தான் புடிக்கும்" என்றாள். மனைவிகளுக்கு எங்கிருந்துதான் இப்படி வாக்கியம் கிடைக்கிறதோ. நான் சட்னி காரம் என்றேன்.

செல்போன் கடைக்காரர் வேகமாகப் போகிறார். பெயர் ஷாஜகான் என்று தாளில் இருக்கிறது. நாற்பது வயசு, கழுத்தில் அட்டை, விரல் திரையில் பழகின விரல், ஒவ்வொரு வாக்கியத்தையும் கோத்துவிட்டு "அட, சூப்பர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். ஏழும் முந்து, முந்து, முந்து. வளைவு என்று ஒன்று இருப்பதே அவருடைய வாக்கியங்களில் இல்லை. விளையாட்டு ஆசிரியர் ஒவ்வொரு துண்டையும் எடுத்து அதே இடத்தில் திரும்ப வைக்கிறார், வகுப்பில் பந்தை எடுத்து வைக்கிற மாதிரி. தோப்புக்காரர் எரிபொருளைச் சேமிக்க மட்டும் நான்கு வாக்கியம் செலவழித்துவிட்டார், பந்தயம் முடிகிறபோது அவர் வண்டியில் டீசல் மிச்சமிருக்கும், வண்டி மட்டும் ஒன்பதாவது வளைவில் நிற்கும். நான் உள்ளுக்குள் சிரிக்கிறேன். இவர்களை நம்பச் சொல்லித்தான் மேசையைத் தட்டினேன். கடைசி மேசை அம்மாளின் திரையில் இன்னும் ஒரு வாக்கியம்கூட இல்லை. அம்சவேணி, ஐம்பத்தொன்று, பத்திர எழுத்தர், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு விதி அட்டையை இரண்டாவது தடவை படிக்கிறாள், அட்டையைத் திருப்பி வெறும் பின்பக்கத்தையும் பார்க்கிறாள். அங்கே என்ன இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். பதினொன்று பத்தொன்பது. நோட்டில் ஆறாவது மேசை என்று எழுதிப் பக்கத்தில் தேறாது என்று எழுதினேன். எனக்கு நான்கு போதும். இவள் இல்லாமலே நான்கு வரும்.

தேறாது. இப்படி ஒருவரைத் தள்ளிவிட்ட முதல் தடவை இது இல்லை. பொள்ளாச்சியில், தொண்ணூற்றாறிலோ ஏழிலோ, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன், நான்கு மிஷின், செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும், மின்விசிறி எனக்கு மட்டும். செல்வநாயகி என்று ஒரு பெண் வந்தாள், கல்யாணமானவள், மத்தியான நேரத்தில் வருவாள். ஒருநாள், தேதியை எதுக்கு சார் ரெண்டு தடவை சரிபார்க்கணும், முதல் தடவை தப்பா இருந்தா ரெண்டாவது தடவையும் அதே தப்புதானே வரும் என்று கேட்டாள். சரியான கேள்வி. புத்தகத்தில் அப்படி இருந்தது, அதனால் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். ஏம்மா, உனக்கு டைப்பிங் போதும், இதெல்லாம் உனக்கு எதுக்கு என்றேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை, அந்த மணி நேரத்தை முழுக்க உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் போனாள், அதன் பிறகு வரவில்லை. அந்தம்மாளுக்கு இப்போது ஐம்பது இருக்கும். ஐம்பத்தொன்று. நான் நிமிர்ந்து கடைசி மேசையைப் பார்த்தேன், அவள்தானா என்று. இல்லை. பெயர் வேறு, காது வேறு, செல்வநாயகிக்கு நெற்றியில் தழும்பு இருந்தது. இல்லை என்று தெரிந்தும் மறுபடி பார்த்தேன். சிறுநீர் கழிக்க வேண்டும்போல இருக்கிறது, எழுந்து போகவும் முடியாது, விதி, என் விதி.

பதினொன்று இருபத்தாறு. ஐந்து பேர் பூட்டிவிட்டார்கள். ஐந்து. நான் நோட்டில் ஐந்து கோடு கிழித்தேன், நான்காவது கோட்டிலேயே வென்றாயிற்று, தொண்டையில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. நவநீத் அங்கிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், தோற்றுக்கொண்டிருப்பவனின் விரல், அதிலும் ஒரு நல்லெண்ணம். ஆட வந்தவர்கள் தங்களுக்குள் பேசலாம். அம்சவேணி பக்கத்து மேசைக்குச் சாய்ந்து, "ஏந்தம்பி, நீங்க பூட்டிட்டீங்களா?" என்றாள். "அப்பவே ஆச்சுங்க்கா. நீங்க இன்னும் போடவே இல்லீங்களா? நான் வேணா காட்டட்டுங்களா?" என்றார் ஷாஜகான். "வேண்டாம், வேண்டாம். நீங்கெல்லாம் முடிங்க. எனக்கென்ன பஸ்ஸா கெளம்பிருச்சு." எதிர்வரிசையில் பல் மருத்துவரின் உதவியாளர் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். பந்தய விளையாட்டு ஆட வந்துவிட்டு அவசரமில்லை என்கிற ஆள். அப்புறம் அவள் கை மெதுவாகத் திரையின் கீழ் மூலைக்குப் போனது. சாம்பல் நிற எழுத்துக்குப் போனது. பொதுப் பதிவேடு. அமுக்கினாள். ஐந்து பேருடைய ஏழேழு வாக்கியங்களும், முப்பத்தைந்து வாக்கியங்களும், பெயரோடு நேரத்தோடு வரிசையாக அவள் முன்னால் விரிந்தன, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவள் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

என் பிடரி சில்லென்று ஆனது. இல்லை, அது ஏசி. ஏசி இல்லை. கடைசியாகப் பூட்டுகிறவர் ஜெயிப்பார். அவ்வளவுதான், இந்த விளையாட்டில் வேறொன்றும் இல்லை, கடைசியாகப் பூட்டுகிறவர் எல்லோருடையதையும் படித்துவிட்டு எழுதினால் ஜெயிப்பார், முதல் வாரத்தில் யாராவது கண்டுபிடிப்பான், இரண்டாவது வாரத்தில் ஊர் முழுக்கத் தெரியும், எல்லோரும் கடைசி விநாடிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யாருமே பூட்ட மாட்டார்கள், மலைப்பாதை காலியாகக் கிடக்கும். எனக்கு இது தெரியாதா? தெரியும். இந்தத் தொழிலில் முதல் வருடம் இருப்பவனுக்கே தெரியும். உத்தியை மறைத்து அதன் முத்திரையை மட்டும் முதலில் பதிய வேண்டும், எல்லோரும் பதிந்த பிறகு பிரித்துக் காட்ட வேண்டும், இரண்டு படி, இரண்டு நாள் வேலை. முதல் வரைவில் இருந்தது. நானேதான் எடுத்தேன். எடுத்த அன்றைக்கு என்ன நினைத்தேன்? இரண்டு படி என்றால் இவர்கள் குழம்பிப்போவார்கள் என்று நினைத்தேன். ஒரு படியையே ஒழுங்காக ஏற மாட்டார்கள். பதிவேட்டை எவன் திறக்கப்போகிறான், திறந்தாலும் எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்தேன், அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன், நினைத்துவிட்டு மறுநாள் கூட்டத்தில் மேசையைத் தட்டி மக்களை நம்பு என்றேன். அதே கை. இப்போது அந்தக் கை முழங்காலின் மேல் கிடக்கிறது, ரோமம் நரைத்து, யாருடையதோ போல.

"என்னங்க்கா பாக்கறீங்க?" ஷாஜகான் எட்டிப்பார்த்தார். "வில்லங்கம் பாக்கறேன் தம்பி." "அதென்னங்க்கா?" "எடம் வாங்கறதுக்கு முன்னாடி பாப்பமல்ல. எங்க ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒண்ணாம் புஸ்தகம்னு இருக்குது. எழுதினது எழுதினதுதான், எவனும் அழிக்க முடியாது, ஆனா மனுப் போட்டா யாரு வேணாலும் பாக்கலாம். இதும் அதாட்டத்தான் இருக்குது. பாக்காம யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா?" "நாங்கெல்லாம் போட்டுட்டமேங்க்கா." "அது உங்க தலையெழுத்து" என்றார் அம்சவேணி, ஷாஜகான் விழுந்து விழுந்து சிரித்தார். எண்பது பக்கத்தில் நான் சொன்னதை இந்த அம்மாள் ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டார். படங்களோடு சேர்த்து எண்பது பக்கம். எனக்கு வந்தது ஆச்சரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. வந்தது எரிச்சல். யார் இவரைப் படிக்கச் சொன்னது? படித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. வாயை மூடிக்கொள் என்று விதி போடலாம், முகத்தை எதால் மூடுவது. எதிர்த்தரப்புக்காரன் விரல் நடுங்குவதைப் பார்த்து, எந்தப் பக்கத்தில் தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற தொழில் அவருடையது. ஒரு விநாடி பார்த்தார். பிறகு ஒன்றும் பார்க்காததுபோலக் குனிந்து, ஏழு வாக்கியங்களையும் ஐந்து நிமிடத்தில் கோத்து, பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பூட்டினார்.

பந்தயம் சுவர்த்திரையில் ஓடியது. ஷாஜகானின் சிவப்பு வண்டி முதல் மூன்று வளைவில் மற்ற நான்கு பேரையும் தாண்டியது, நான்காவதில் அம்சவேணியின் மஞ்சள் வண்டி மட்டும் முன்னால். அவர் எழுதியிருந்தார்: பின்னால் வரும் வண்டி ஒரு வண்டி நீளத்துக்குள் வந்தால், வளைவுக்கு முன்பே பிரேக் பிடி. அவ்வளவுதான். மஞ்சள் பிரேக் பிடித்தது, சிவப்பு தான் எழுதிவைத்தபடி வெளிப்பக்கமாக முந்தப் பாய்ந்தது, வளைவின் வெளிப்பக்கத்தில் சரளைக்கல், புழுதி கிளப்பிக்கொண்டு சுவரில் போய் நின்றது. "ஐயோ, என்ர வண்டி" என்றார் ஷாஜகான். அம்சவேணி ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். தோப்புக்காரருக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை, அந்த வண்டி தானாகவே நின்றுவிடும் என்று அம்சவேணிக்கும் தெரிந்திருந்தது. மஞ்சள் வண்டி பதினான்காவது வளைவைத் தனியாக, அவசரமில்லாமல் கடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், தோற்றவர்கள்தான் அதிகம் தட்டினார்கள். நவநீத் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "ஆறுக்கு ஆறு சார்! நான் மூணுகூட வராதுன்னு நெனச்சேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க, திங்கக்கிழமை உங்க வெர்ஷன்தான்." நான் எழுந்து நின்றேன், கால் மரத்திருந்தது. வென்றுவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவர் மத்தியானம் பஸ் ஏறிப் போய்விடுவார். இரண்டு நாளில் யாருக்கும் தெரியாமல் அந்த இரண்டாவது படியை உள்ளே வைத்துவிடலாம். நவநீத் அவர் பக்கம் திரும்பி, "அக்கா, எப்படி இப்படிக் கலக்கினீங்க? ஏதாவது ட்ரிக் இருக்கா?" என்று கேட்டான். அம்சவேணி கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மறுபடி அந்த ஒரு விநாடிப் பார்வை. "ஏதோ அமைஞ்சுருச்சுங்க தம்பி" என்றார்.

மறைத்தார். எனக்காக. தப்பாக எழுதிக்கொண்டு வந்த கட்சிக்காரனை அதிகாரி முன்னால் காட்டிக்கொடுக்காமல் விடுகிற மாதிரி. அவ்வளவு பரிதாபமாகவா இருந்தது என் முகம்? நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் காது கொதித்தது. நோட்டில் தேறாது என்று எழுதின ஆளிடம் பிச்சை வாங்குவதா. பிறகு வீட்டுக்குப் போய் யோசித்தால் இதை நேர்மை என்று சொல்லிக்கொள்வேன், தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது நேர்மை இல்லை, வெறும் திமிர். "அமையல" என்றேன். "அவங்க பதிவேட்டைத் தெறந்து மத்த எல்லாரோடதையும் படிச்சுட்டு எழுதினாங்க. யார் கடைசியா பூட்டினாலும் ஜெயிக்கலாம். விளையாட்டுல ஓட்டை இருக்கு." நவநீத்தின் சிரிப்பு பாதியில் நின்றது, யோசித்தான், அவனுக்கு அது பிடிபடுவதைப் பார்க்க முடிந்தது. அம்சவேணி, இந்த ஆளுக்கு என்ன கேடு என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று அவன் பக்கம் திரும்பினார். "ஓட்டைன்னா அடைச்சாப் போச்சுங்க. உயிலை மூடின கவர்ல குடுப்பாங்கல்ல, சீல் வெச்சு. உள்ள என்ன இருக்குதுன்னு ஆபீசருக்கே தெரியாது. இதையும் அப்படி வாங்கி வெச்சுக்கங்க, எல்லாரும் குடுத்த பொறகு பிரிங்க." நவநீத் வாயைப் பிளந்தான். "சார், இது செய்ய முடியுமா?" முடியும் என்றேன், இரண்டு நாள். "அப்புறம் ஏன் சார் வைக்கல? டைம் பத்தலையா?"

அவனே எடுத்துக் கொடுத்தான். தலையை ஆட்டினால் போதும். நேரம் போதவில்லை, எல்லோருக்கும் போதாமல்தான் இருக்கிறது, யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும். அம்சவேணி கேட்டுக்கொண்டு நின்றார், அவருக்கும் இதற்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன். "இவங்க படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." நவநீத் சிரித்தான், கேலியாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன், தோளில் கையைப் போட்டு, பாசமாக, வீட்டு மனுஷனிடம் சிரிப்பதுபோலச் சிரித்தான். "அதைத்தானே சார் நானும் ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். சும்மா சண்டை போட்டுட்டு இருந்திருக்கோம்." தொலைபேசியை எடுத்து யாரிடமோ, திங்கக்கிழமை ரெடிமேடே போகட்டும், சாரும் ஓகே சொல்லிட்டாரு என்றான். ஓகே சொல்லவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன். மக்களை என்று ஆரம்பிக்கிற வாக்கியம்தான் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அம்சவேணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நான் படிச்சேனுங்களே" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நவநீத் போனில் இருந்தான். சாப்பாடு கீழ்த்தளத்தில் என்று நான் அவருக்கு வழி காட்டினேன்.